லைக்கனுக்கும் ரீங்காரச்சிட்டுக்கும் ஐந்து வேறுபாடுகள்

இந்த உலகத்தில் எந்த இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும், நடுவில் ஒரு கோடு போட்டு, அவற்றுக்கிடையே ஐந்து வேறுபாடுகளைச் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் பிறந்தார். அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நான்கு சொல்ல மாட்டார். ஆறும் சொல்ல மாட்டார். ஐந்து மார்க் கேள்விக்கு ஐந்து. ஆறாவது வேறுபாடு எதிரே வந்து நின்று கையைப் பிடித்து இழுத்தாலும், "உனக்கு மார்க் கிடையாது" என்று அனுப்பிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் நோட்ஸ் கம்பெனி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் பிரிக்காமலே பரீட்சை எழுதுவதற்கான எல்லா வசதிகளையும் நாங்கள் செய்து கொடுத்தோம். கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு ஒருவர், பொருத்துகவுக்கு ஒருவர், காரணம் கூறுகவுக்கு ஒருவர் என்று வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறவர்கள் பலர் இருந்தார்கள். ஆபீசிலேயே நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டவர் 'வேறுபாடு தருக' எழுதியவர் மட்டும்தான். அறிவியலானாலும் வரலாறானாலும் பொது அறிவானாலும் வேறுபாடு என்று வந்துவிட்டால் அவர்தான். அதனால் அவர் எங்களுக்கு வேறுபாடு சார். நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்கத் தோன்றியதில்லை.

நான் அங்கே மெய்ப்புத் திருத்துகிறவன். இலக்கியத்தில் எதையாவது சாதித்துவிடலாம் என்று கிளம்பி, வழியில் ஒற்றெழுத்துகளிடம் மாட்டிக்கொண்டவன். எனக்கு இந்தப் பக்கம் கஸ்தூரி. மயிலாப்பூரில் மாட வீதியில் வீடு. கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பவர். அந்தப் பக்கம் தனபால். சிந்தாதிரிப்பேட்டைக்காரன், கஸ்தூரி அடித்துத் தருவதை நறுக்கிப் பக்கம் பக்கமாக அட்டையில் ஒட்டுபவன். ஜன்னலோரத்தில் வேறுபாடு சார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. இவ்வளவுதான் நாங்கள்.

வேறுபாடு சாருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, அரைக்கைச் சட்டை, அசைவு என்று ஏதாவது உண்டென்றால் பேனா பிடித்த விரல்களில் மட்டும். காலையில் ஆபீசைத் திறக்க வருகிறவருக்கு முன்னாலேயே வந்து படியில் நிற்பார். சாயங்காலம் விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்திருப்பார். நடுவில் அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்து நாங்கள் பார்த்தது அபூர்வம். தானாக வாயைத் திறக்கவும் மாட்டார். வணக்கம்கூட அவராகச் சொல்ல மாட்டார். நாம் சொன்னால், இரண்டு கையையும் கூப்பி முழு வணக்கமாகத் திருப்பிக் கொடுப்பார். ஆனால் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும். முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிடும். ஆள்காட்டி விரலால் காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று ஆரம்பித்துவிடுவார்.

கீழே இருந்த ஓட்டலில் அவரோடு போய் உட்காருவது ஒரு தனி அனுபவம்.

"சார், காபியா டீயா?" என்று சர்வர் கேட்பார்.

அது விருப்பத்தை விசாரிக்கும் கேள்வி என்பது இவருக்கு ஏறாது. "காபி கொட்டையிலேர்ந்து வருது, டீ இலையிலேர்ந்து வருது," என்று தொடங்குவார். ஐந்தாவது வேறுபாட்டுக்கு வருவதற்குள் சர்வர் மற்ற மேஜைகளையெல்லாம் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பார்.

"எல்லாம் சரி சார். ரெண்டுல இன்னா வேணும், அத்த சொல்லு."

"ரெண்டும் வேண்டாம். நான் குடிக்கிறதில்லை."

தனபாலின் கல்யாணம் வடபழனி கோயிலில் நடந்தது. நல்ல முகூர்த்த நாளில் அங்கே மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளைகளை எண்ணி மாளாது. நாங்கள் கூட்டத்தில் இடிபட்டு, மேளச் சத்தம் வந்த பக்கமாகப் போய், அட்சதை போட்டு, அந்தக் கூட்டத்தோடு பக்கத்துச் சத்திரத்துக்கு நகர்ந்து, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை பார்த்துவிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மாப்பிள்ளை வேஷத்துல தனபாலை அடையாளமே தெரியலை. எவ்வளவு வித்தியாசம், பார்த்தீங்களா சார்?" என்றேன்.

விரல் காற்றில் இறங்கியது. "தனபாலுக்கு மீசை உண்டு, அவருக்குக் கிடையாது. தனபால் உயரம், அவர் குள்ளம். தனபாலுக்குக் கன்னத்துல மச்சம் உண்டு, அவருக்கு இல்லை. தனபால் இடது கைக்காரர். அவர் வலது கை. அஞ்சாவது, அவர் தனபால் இல்லை."

கஸ்தூரி தாம்பூலப் பையைப் பிரித்துத் தேங்காயைப் பார்த்துக்கொண்டே நின்றார். யார் வீட்டுத் தேங்காயோ. "ஏன் சார், இதை முன்னாடியே சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கலையே."

தேடிப் பிடித்து நிஜத் தனபாலின் கல்யாணத்துக்குப் போய் மறுபடி ஒரு பாயசம் குடித்தோம். அந்த இரண்டு பாயசங்களைப் பற்றி நாங்கள் ஜாக்கிரதையாக அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குக் கஸ்தூரியிடம் ஒரு கதை இருந்தது. மயிலாப்பூரில் இந்த மாதிரிக் கதைகள் குழாய்த் தண்ணீரைவிட ஒழுங்காக வரும்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல, பொண்ணோட அப்பா, 'போட்டோவுல பாத்ததுக்கும் நேர்ல பாக்கறதுக்கும் எப்படி இருக்கா?'ன்னு கேட்டுட்டாராம். இவர் கோட்டைப் போட்டுண்டு ஆரம்பிச்சுட்டார். மொதல் பாயிண்ட் முடியறதுக்குள்ள அவாள்ளாம் எழுந்துண்டுட்டா."

"அப்படி என்ன சொல்லிட்டார்?"

"'போட்டோவுல பொண்ணு கொஞ்சம் ஒல்லி'ன்னாராம். மிச்சம் நாலும் பொண்ணுக்கு நல்லதாத்தான் வெச்சிண்டிருந்தாராம். யார் உக்காந்து கேக்கறது?"

அதற்குப் பிறகு அவரை யாரும் எங்கேயும் எதையும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை. காலையில் 12பி பிடித்தால் எங்கள் ஆபீஸ். சாயங்காலம் 12பி பிடித்தால் அந்த அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு மாதிரி அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் பொது அறிவு நோட்சுக்கு அவர் எழுதியவற்றில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, லைக்கனுக்கும் பாசிக்கும் உள்ள வேறுபாடு. இன்னொன்று, ரீங்காரச்சிட்டுக்கும் வௌவாலுக்கும் உள்ள வேறுபாடு. முதல் கேள்வியை அடித்துக்கொண்டிருந்த கஸ்தூரி, "லைக்கன்னா என்ன சார்?" என்று கேட்டார்.

"பாறையிலயும் மரப்பட்டையிலயும் சாம்பல் நிறத்துல படை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது. செட்டிநாட்டு மசாலாவுல கல்பாசின்னு போடுவாங்க. பேர்தான் பாசி. அதுவும் லைக்கன்தான்."

"எங்காத்துல அந்த மசாலாவே கெடையாது."

தனபாலுக்குப் புரிந்துவிட்டது. "பிரியாணில கெடக்கும்பா, கருகின பேப்பர் கணக்கா. அத்தயா சார் நாங்க பொறுக்கிப் பொறுக்கி ஓரமா வெச்சிகினு இருந்தோம்?"

நானும் என் பங்குக்கு, அடையாறில் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் தினமும் ரீங்காரச்சிட்டு வந்து தேன் குடிக்கிறது என்றேன்.

"அது தேன்சிட்டு. ரீங்காரச்சிட்டு, அதான் ஹம்மிங்பேர்ட், அமெரிக்கக் கண்டத்தை விட்டு இந்தப் பக்கம் வர்றதே இல்லை. நான் எழுதியிருக்கறது செந்தொண்டை ரீங்காரச்சிட்டு. உங்க வீட்டுக்கு வர்றதுக்கும் இதுக்கும் அஞ்சு வேறுபாடு..."

"வேண்டாம் சார். நம்பறேன்."

அந்தக் காலத்து எங்கள் கம்ப்யூட்டருக்குத் தமிழில் அட்டவணை போட வராது. கஸ்தூரி இடது பக்கத்தைத் தனித் துண்டாகவும் வலது பக்கத்தைத் தனித் துண்டாகவும் அச்செடுத்துக் கொடுப்பார். நான் அவற்றில் எழுத்துப் பிழை பார்ப்பேன். பிறகு தனபால் இரண்டையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடுவில் மைப்பேனாவால் கோடு போடுவான். ஒட்டிய அட்டையை வேறுபாடு சார் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டால், அது நேரே அச்சகத்துக்குப் போய்விடும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு பிற்பகல் கரண்ட் போனது. தனபால் நான்கு துண்டுகளையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, வியர்வை சொட்டாமல் இருக்கப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கரண்ட் திரும்பி வந்தபோது மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. லைக்கன், பாசி, சிட்டு, வௌவால் நான்கும் ஒன்றாகப் பறந்தன. தனபால் பொறுக்கினான், ஒட்டினான், கோடு போட்டான். வேறுபாடு சார் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் கடைகளுக்குப் போன பிறகுதான் நாங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். 'வேறுபாடு தருக' என்ற தலைப்பின் கீழே, தமிழ்நாட்டு மாணவ மணிகள் மனப்பாடம் செய்வதற்காக, இப்படி இருந்தது:

1. லைக்கன்: ஒரே இடத்தில் ஒட்டி வளரும். ரீங்காரச்சிட்டு: பின்பக்கமாகவும் பறக்கும்.

2. லைக்கன்: வேர், தண்டு, இலை கிடையாது. ரீங்காரச்சிட்டு: குட்டி போடாது, பால் கொடுக்காது.

3. லைக்கன்: நீரும் உணவும் இன்றி நெடுங்காலம் காத்திருக்கும். ரீங்காரச்சிட்டு: பகல் முழுவதும் தேன் தேடி அலையும்.

4. லைக்கன்: பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாக்கும். ரீங்காரச்சிட்டு: தலைகீழாகத் தொங்கி உறங்காது.

5. லைக்கன்: பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் கூட்டு உயிர். ரீங்காரச்சிட்டு: கூட்டமாக வாழாது, தனித்து வாழும்.

அடுத்த பக்கத்தில் பாசியும் வௌவாலும் ஜோடி சேர்ந்திருந்தன. அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

முதலாளி விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், குரலைத் தணித்துக்கொள்வார். அன்றைக்கு அவர் பேசியது யாருக்கும் காதில் விழவே இல்லை. உதடு அசைவதை வைத்து நாங்களாக அர்த்தம் செய்துகொண்டோம். தனபால் ஒட்டுப் பசைக் குப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோடு சுவராக நின்றான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"ஒட்டுனது யாரு?" என்றார் முதலாளி. இது காதில் விழுந்தது.

ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. "கடைசியாப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"பார்த்தீங்களா? பார்த்துமா விட்டீங்க?"

"சரியாத்தான் இருந்தது. அஞ்சும் உண்மை. இதுல எந்த வேறுபாடு தப்பு, சொல்லுங்க."

முதலாளி பக்கத்தைப் பார்த்தார். லைக்கனுக்கு வேர் கிடையாது. சிட்டு குட்டி போடாது. எதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. "ஏன் சார், பிரியாணில கெடக்குற பாசியையும் வானத்துல பறக்குற பட்சியையும் எவனாவது ஒப்பிடுவானா?"

"ஒப்பிடலாம். நடுவுல ஒரு கோடு போட்டா எதையும் ஒப்பிடலாம்."

அவர் தனபாலைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, நிஜமாகவே அந்தப் பக்கத்தில் ஒரு தப்பும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று தனபாலே சொல்வான்.

முதலாளி கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தார். அதைத் தண்டனை என்று அவரே நினைக்கவில்லை. பெரியவரை வெயிலில் அலைய வைக்கிறோமே, கண்ணும் தளர்ந்து போயிருக்கும் என்று பெரிய மனதோடுதான் செய்தார். "இனிமே நீங்க ஆபீசுக்கு வர வேணாம். வீட்லயே சாவகாசமா உக்காந்து எழுதுங்க. தனபால் வந்து வாங்கிக்கிடுவான். கடைசிப் பார்வையை இவங்க பார்த்துக்கிடுவாங்க."

நாங்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினோம். "குடுத்து வெச்சவர் சார் நீங்க," என்றேன் நான். "12பி-ல நசுங்க வேண்டாம்," என்றார் கஸ்தூரி. தனபால் மட்டும் விளையாட்டாக, "சார், வூட்ல உக்காந்து எழுதறதுக்கும் ஆபீஸ்ல எழுதறதுக்கும் இன்னா சார் வித்யாசம்?" என்று கேட்டான்.

விரல் எழுந்தது. காற்றில் கோடு போட்டது. கோட்டின் இரண்டு பக்கமும் காலியாகவே இருந்தன. விரல் அப்படியே நின்றது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுவாரமே அவர் வந்துவிட்டார். எழுதியதைக் கொடுக்க வந்தேன் என்றார். தனபால்தான் வந்து வாங்கிக்கொள்வானே என்றதற்கு, அவருக்கு எதுக்குச் சிரமம் என்றார். அடுத்த தடவை குடையை மறந்து வைத்துவிட்டதாக வந்தார். மழை என்பதே மறந்து போயிருந்த மாசம் அது. குடை அவர் கையிலேயே இருந்தது. அதற்கடுத்த தடவை, தவளைக்கும் தேரைக்கும் நடுவில் போடும் கோடு மெல்லியதாக வேண்டுமா, தடிமனாக வேண்டுமா என்று கேட்க வந்தார். கேட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் திரும்பி வந்த பொது அறிவு நோட்ஸ் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம். நின்றுகொண்டே கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளி கண்ணாடித் தடுப்பைத் திறந்து, "எதுக்குப் பெரியவரே சும்மா சும்மா அலையுறீங்க? வீட்ல நிம்மதியா இருங்க," என்றார். அத்தனை பரிவோடு சொல்லப்பட்டதற்கு யார்தான் எதிர்த்துப் பேச முடியும்? அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

தனபாலுக்குப் பெண் குழந்தை பிறந்து, அவன் லீவில் இருந்தபோது, மயிலாப்பூருக்குப் போய் எழுதியதை வாங்கி வரும் வேலை என்னிடம் வந்தது. குளக்கரையில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, சந்தைக் கண்டுபிடித்து மாடி ஏறினேன். சாயங்காலம்தான். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வேறுபாடு சார், கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கைகளை வயிற்றின்மேல் வைத்து, மல்லாந்து படுத்திருந்தார். அசைவே இல்லை. ஆபீசிலும் அவர் அசைய மாட்டார்தான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

"சார்," என்றேன். கதவைத் தட்டினேன். "சார், உடம்பு சரியில்லையா?"

கண் திறந்தது. வாயைத் திறந்தார்; முதலில் காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிச் செருமிக் குரலை எங்கிருந்தோ மேலே கொண்டுவந்தார். அன்றைய தினத்துக்கு அதுதான் முதல் பேச்சு என்பது தெரிந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதன்மேல் தூசி இருந்தது.

"அந்தச் சிட்டு அப்படித்தான் பண்ணும்," என்றார். "பகல் முழுக்க அதோட இதயம் தாறுமாறா அடிக்கும். ராத்திரியும் அதே மாதிரி அடிச்சா, விடியறதுக்குள்ள சேர்த்து வெச்சிருக்கிற சக்தியெல்லாம் தீர்ந்து செத்துப்போகும். அதனால இருட்டினதும் உடம்பைச் சில்லுனு ஆக்கிக்கும். இதயம் மெதுவா, ரொம்ப மெதுவா. தொட்டாக்கூட உயிர் இருக்கிறது தெரியாது. காலையில உடனே பறக்க முடியாது. கொஞ்ச நேரம் உக்காந்து நடுங்கி நடுங்கிச் சூடு பண்ணிக்கணும்."

"இன்னும் இருட்டவே இல்லையே சார்."

"ஆமாம். இப்பல்லாம் சீக்கிரமாவே ஆரம்பிச்சுடறேன்."

இந்த மாதிரி நேரங்களில் ஏதாவது சிரிப்பாகச் சொல்லிவிடுவது என் வழக்கம். "நாங்க ஆபீஸ்ல உங்களை லைக்கன்னு இல்ல சார் பேசிக்கிட்டிருந்தோம்? ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். போர்வைக்குள்ளிருந்து விரல் வெளியே வந்து கோடு போட்டது.

"தப்பு. லைக்கன் ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். பூஞ்சை வீடு கட்டும். ஆல்கா சமைக்கும். வெயிலடிச்சா அது இதுக்கு மறைப்பு. பசிச்சா இது அதுக்குச் சோறு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விட்டா, அந்தப் பாறை மேல ஒருநாள் தாக்குப் பிடிக்காது. லைக்கன் குடும்பஸ்தன் சார். நான் எங்க?"

வெளியே யாரோ அவுட் என்று கத்தினார்கள். யாரோ இல்லை என்று கத்தினார்கள்.

"பகல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கேள்வி கிடைத்ததில் அவர் முகம் கொஞ்சம் துலங்கியது.

"எழுதுவேன். அப்புறம் குளத்தாண்ட பஸ் ஸ்டாப்ல போய் நிப்பேன்."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போறதுக்கில்லை. அங்க நின்னா யாராவது ஏதாவது கேப்பாங்க. 12பி போயிடுச்சான்னு கேப்பாங்க. நேத்து ஒருத்தர், ராஜா அண்ணாமலைபுரத்துக்கு இந்தப் பக்கம் பஸ் ஏறணுமா, எதிர்ப் பக்கம் ஏறணுமான்னு கேட்டார். ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன்." சற்று நிறுத்தி, "மூணாவது சொல்லும்போது அவர் பஸ் வந்துடுச்சு," என்றார்.

எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தார். நான் படியிறங்கும்போது, மேலேயிருந்து ஏதாவது கேட்பார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். கோட்டின் தடிமனைத் தவிர அவர் எந்தக் காலத்தில் எதைக் கேட்டிருக்கிறார்?

மறுநாள் ஆபீசில் நான் இதைச் சொன்னபோது கஸ்தூரி தட்டச்சை நிறுத்தினார். லீவு முடிந்து மிட்டாய்ப் பெட்டியோடு வந்திருந்த தனபால், பெட்டியைத் திறக்காமலே மேஜைமேல் வைத்தான்.

"பஸ் ஸ்டாப்ல நின்னுகினு கீறாரா?" என்றான். "இன்னாபா சொல்ற."

"பொழுதோட படுத்துக்கறாராமா?" என்றார் கஸ்தூரி. என் கையிலிருந்த தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாள் வரை பார்த்துவிட்டு எழுந்து, கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். தனபாலும் நானும் காரணம் தெரியாமல் பின்னாலேயே போனோம்.

"சார், ஒரு ப்ராப்ளம். வேறுபாடு சார் எழுதறது ஒண்ணுமே புரிய மாட்டேங்கறது. கோழி கிண்டினாப்பல இருக்கு. அவர் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டினாத்தான் என்னால அடிக்க முடியும்."

இந்த இடத்தில் நான் அவருடைய கையெழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அச்சுக்கு மேலாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் பிரார்த்தனைக் கூட்டத்துப் பிள்ளைகள் மாதிரி, பக்கத்து எழுத்தின்மேல் படாமல், கை கட்டி வரிசையில் நிற்கும். மாடிப்படியில் நின்று படிக்கலாம். கண்ணாடி போட்டவர்கள் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கலாம். கஸ்தூரி ஜாடையாகக்கூட எங்களிடம் சொல்லாமல் இப்படி ஒன்றைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் காது நுனி சிவந்திருந்தது.

"ஆமா மொதலாளி," என்று தனபால் சேர்ந்துகொண்டான். "எனக்குங்கூட ஒண்ணும் வெளங்கல." அவன் வேலை ஒட்டுவது. எதையும் படித்தே ஒட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மெய்ப்புத் திருத்துகிறவன். எழுத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாதவன். "ரொம்பக் கஷ்டம் சார்," என்றேன்.

"கொண்டா பார்ப்போம்," என்று கை நீட்டினார்.

கஸ்தூரி தாளைக் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க வழியில்லை. முதலாளி மேஜை விளக்கைப் போட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவே இல்லை, தேவைப்படவில்லை. அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. முதல் வரி, இரண்டாம் வரி. விலாங்குக்கும் பாம்புக்கும் உள்ள வேறுபாடு. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அடிவரை போய்ச் சேர்ந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் படித்தார். படித்து முடித்து, கண்ணாடித் தடுப்பு வழியாக வெளியே, ஜன்னலோரத்தில் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "ஒரு எழுத்தும் புரியலை. நாளையிலேர்ந்து வந்து படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

நாங்கள் வாசலுக்குப் போனதும் கூப்பிட்டார். "கையெழுத்தைத் திருத்திக்கச் சொல்லி யாரும் அவர்ட்ட சொல்லிராதீங்க. இந்த வயசுல மாத்தச் சொன்னா கஷ்டம்."

மறுநாள் காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே படியில் வந்து நின்றார். தன் எழுத்து இவ்வளவு மோசமாகிப் போனதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். தனபால் புத்தகக் கட்டுகளை இறக்கி, நாற்காலியைத் துடைத்து, கஸ்தூரியின் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டான். அவர் படித்தார், கஸ்தூரி அடித்தார். வரிக்கு ஒருமுறை கஸ்தூரி நிறுத்தி, முத்து முத்தாக இருந்த ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்து, "இது என்ன சார்?" என்று கேட்பார். அவர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பொறுமையாகப் பதில் சொல்வார். நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போகும்வரை அந்தக் கேள்விகள் நிற்கவில்லை.

எத்தனையோ பேருடைய எழுத்தைத் திருத்திவிட்டேன். அவ்வளவு தெளிவான ஒரு கையெழுத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.